ஏழு பத்துக்குச் சொன்ன குறிப்பு

என் மனைவிக்குப் பேச்சு போய் ஒன்பது மாதம் ஆகிறது. எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். "காலையில எந்திரிக்கும்போதே அப்படித்தான் இருந்தா." மருத்துவரிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய்கறிக்காரர் விசாரித்தபோதும் சொன்னேன். அது பொய். அந்தப் பொய் எப்படி வந்தது, அதனால் என்ன ஆனது என்பதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயது. முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். சோதனைக் கூடத்தில் நேரத்தைத் தப்பாக எழுதிய மாணவர்களின் நோட்டை வராந்தாவில் வீசியிருக்கிறேன்.

முதலில் எங்கள் விளையாட்டைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது.

சாதாரணக் குறுக்கெழுத்தில் 'ஒரு நதி' என்று கேட்டிருக்கும். நதியின் பெயரை எழுதினால் முடிந்தது. நாங்கள் ஆடியது வேறு வகை. அதில் குறிப்பு ஒரு முழு வாக்கியமாக வரும். வாக்கியம் என்ன சொல்வதுபோல இருக்கிறதோ அதை நம்பக் கூடாது. அதன் ஒரு முனையில் விடையின் பொருள் ஒளிந்திருக்கும். மிச்சமுள்ள சொற்களில் விடையை எப்படிக் கட்டுவது என்ற வழி இருக்கும். "அடி உடைந்த செம்பும் நட்சத்திரமும் நம்மூரில் ஓடும், ஆறெழுத்து" என்பது ஒரு குறிப்பு. உடைந்த பாத்திரம் எப்படி ஓடும் என்று யோசிக்கக் கூடாது. செம்பு என்றால் தாமிரம். அதன் அடியை, அதாவது கடைசி எழுத்தை, எடுத்தால் தாமிர. நட்சத்திரம், பரணி. இரண்டையும் சேர்த்தால் நம்மூரில் ஓடுவது கிடைத்துவிடும். இது சின்னப் பிள்ளைகளுக்கானது. "நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேருமிடம்" என்பதும் அப்படித்தான். நகரத்தின் எழுத்துகளை இடம் மாற்றினால் நரகம்.

கல்யாணமான புதிதில் ஆங்கிலப் பத்திரிகையின் கட்டத்தில் இது தொடங்கியது. நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து விடையைச் சொல்லிவிட்டுப் போவாள். அவள் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அப்பா மில்லில் கிளார்க். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். என்னைவிட வேகம்.

ஓய்வுக்குப் பிறகு, தமிழில் இந்த வகைப் புதிர் போடும் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்ந்தோம். சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று நாற்பது பேர் இருப்போம். தினம் ஒரு குறிப்பு. மறுநாள் காலை எட்டு மணிக்கு விடையும் விளக்கமும். விளக்கம் எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எந்தச் சொல் எதற்காக வந்தது, எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பிரித்து எழுதுவேன். "சார் விளக்கம் படிச்சப்புறம்தான் காப்பியே இறங்குது" என்று ஒருவர் எழுதினார். அதை அவளிடம் மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். அவள் யோசித்த நல்ல குறிப்புகளை என் பெயரில் குழுவில் போட்டதும் உண்டு.

"போட்டுக்கிடுங்க. எனக்கென்ன பட்டமா குடுக்கப் போறாவ?" என்று சிரித்தாள்.

வீட்டுக்குள் எங்களுக்கென்று தனி ஆட்டம் இருந்தது. காலைக் காப்பி குடிக்கும்போது அவள் ஒரு குறிப்பை வாயால் சொல்வாள். ஒரு தரம்தான் சொல்ல வேண்டும். கடைசியில் எழுத்துக் கணக்கு. அதற்குப் பிறகு நான் விடை சொல்லும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது. நான் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. இன்னொரு விதி, நான் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவளுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. நான் சரியான சொல்லை நெருங்கினால் உதட்டோரம் ஆடிவிடும். அதனால் சாப்பாட்டு மேசையில் நான் சுவரைப் பார்த்து, காலண்டருக்கு எதிரே உட்காருவேன். ஒரு நோட்டில் குறிப்பையும், அவள் சொன்ன நேரத்தையும், நான் கண்டுபிடித்த நேரத்தையும் எழுதுவேன். தோற்றால் மறுநாள் காப்பி நான் போட வேண்டும்.

"கொடு என்றபின் சமயம் வந்தாலும் நேரம் கடந்துவிடும், நாலெழுத்து" என்று ஒருநாள் சொன்னாள். கொடு என்றால் தா, சமயம் என்றால் மதம், தாமதம். பதினோரு நொடியில் சொல்லிவிட்டேன்.

"என்ன புரபசரே, இன்னைக்கு ரயிலப் பிடிக்கணுமா?" என்றாள்.

அந்த நாள் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. முந்தின நாள் தோற்றிருந்ததால் காப்பி நான்தான் போட்டேன். டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு என் இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் இடது கையால் எடுத்தது கண்ணில் பட்டது. பட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"கரண்டி ஏறலை, வெள்ளைய கிழக்கால வையி, மூணு."

ஏழு பத்து. நோட்டில் எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு வழுக்கலான ஒன்றை அவள் அதுவரை சொன்னதே இல்லை. கரண்டி என்றால் அகப்பை. அதில் ஏறாதது எது? வெள்ளை, சுண்ணாம்பா, பாலா, சலவை வேட்டியா? கிழக்கு என்றால் கட்டத்தில் வலது பக்கமா? மூன்றெழுத்து.

"ஏட்டி, இன்னைக்கு ரொம்ப வம்பா இருக்கே" என்றேன். பதில் இல்லை. பதில் இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

சற்றுக் கழித்து, "கரண்டி… கரண்டி… மூணு" என்றாள். குரல் கொஞ்சம் குழறியதுபோல இருந்தது. காப்பியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு தரம் சொல்லப்பிடாது. சொன்னா நீதான் தோத்த" என்றேன். சுவரைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

டம்ளர் மேசையில் இடித்த சத்தம் கேட்டது. நான் நோட்டோடு எழுந்து, அவள் பக்கம் திரும்பாமலே, முன்னறைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் முகத்தில் விடை தெரிந்துவிடும்.

முன்னறையில் அன்றைய விளக்கத்தை எழுதினேன். எதற்கு விளக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வாழைக்குலையில் இருப்பதைத் தலையிலும் வைக்கலாம், மூன்றெழுத்து." விடை சீப்பு. ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியது. நான் சீப்பு, தாறு, குலை என்று வித்தியாசங்களை இழுத்து ஒரு பக்கம் எழுதினேன். எட்டு மணிக்குப் போட்டேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் சந்தேகம் கேட்டார், பதில் எழுதினேன். இன்னொருவர் பாராட்டினார், நன்றி எழுதினேன். நடுநடுவே அவளுடைய கரண்டியையும் வெள்ளையையும் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. அடுக்களையில் பாத்திரம் உருளவில்லை. என்னை ஜெயித்துவிட்ட பெருமையில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்கு எழுந்து, "சரி ஆத்தா, தோத்துட்டேன், விடையச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

நாற்காலியிலிருந்து சரிந்து சுவரோடு கிடந்தாள். சேலை நனைந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்கள் திறந்திருந்தன, என்னைப் பார்த்தன. நான் சிங்கப்பூருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அப்படித் திறந்தே இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக் காரில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தடிக்கச் சில நிமிடம் இருந்தது. படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். இளவயது மருத்துவர். நிதானமான ஆள். அவள் படுத்திருந்த கட்டிலின் பக்கத்திலேயே நின்று கேட்டார்.

"சார், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

ஏழு பத்து என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? ஏழு பத்திலிருந்து ஒன்பதே கால்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பேச்சு குழறியதைக் கேட்டும், படித்த மனிதர், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? புதிர் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்த நர்சுகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்தா. காலையில எந்திரிக்கும்போதே இப்படித்தான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலையில எதுவும் பேசினாங்களா? காப்பி கீப்பி குடிச்சாங்களா?"

"இல்ல டாக்டர்."

அவர் சொன்னார். "அப்போ பக்கவாதம் எப்ப வந்ததுன்னு நமக்குத் தெரியாது. நேத்து ராத்திரி படுத்த நேரத்துல இருந்துதான் கணக்கு வச்சுக்கணும். ரத்தக்கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு சார். ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தெரியாமப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும். இப்ப போட முடியாது."

சுவரில் கடிகாரம் இருந்தது. ஏழு பத்திலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் இருந்தது.

இந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. முதல் பொய்யை வெட்கத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வி எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் விளக்கிச் சொன்ன பிறகு தெரிந்துவிட்டது. "இல்ல டாக்டர், ஏழு பத்து, நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்" என்று சொல்ல இரண்டு நொடி போதும். நான் சொல்லவில்லை. இப்போது மாற்றிச் சொன்னால் பொய்யன் என்று தெரிந்துவிடுமே என்று நின்றேன். அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். பிறகு திரும்பி வந்து இன்னும் ஏதோ பார்த்தார். அப்போதும் சொல்லவில்லை. பதினொன்று நாற்பது ஆகும்வரை அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனதும், இனிச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊசி போட்டிருந்தாலும் எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்று பின்னால் வேறொரு மருத்துவர் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில வாரம் தூங்கினேன். பிறகு அதுவும் உதவவில்லை.

அவளுக்கு வலது கை எழவில்லை. காலை இழுத்து இழுத்து நாலடி வைக்கிறாள். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "நாளைக்கு." ஏன் அந்தச் சொல் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை, சிலருக்கு அப்படி ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்றார். பசித்தால் நாளைக்கு, முதுகு வலித்தால் நாளைக்கு, மின்விசிறியை நிறுத்த நாளைக்கு. என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிகிறது. வேறு சொல் வரவில்லை. எங்கள் பேச்சு அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று அவரிடம் கேட்டேன். முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் எண்கள் அவளை விட்டுப் போகவில்லை என்றார். கணக்கு டீச்சர் அல்லவா.

அந்த எட்டு மாதமும் நான் பட்ட பாட்டைச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு 'நாளைக்கு'க்கும் எதிரே உட்கார்ந்து மூளையைக் கசக்கினேன். தண்ணீரா, போர்வையா, சன்னலா, மகளா என்று கேட்டுக்கொண்டே போவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு அம்மாள் அவளைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். ஐம்பது வயதிருக்கும். வயல் வேலை செய்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவள் வந்ததும் ஒரு பார்வை பார்ப்பாள், வேலை முடிந்துவிடும்.

"அய்யா, அம்மா தலகாணிய மாத்தச் சொல்லுதாவ. இதுல என்னத்த அம்புட்டு யோசன?"

"உனக்கு எப்படித் தெரியுது?"

"முகத்தப் பாத்தா தெரியாதாக்கும்?" என்றாள்.

எனக்குள்ளே வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மருத்துவரிடம் நான் சொன்னதை அவள் கேட்டாளா? கேட்டிருந்தால் புரிந்ததா? அவளுக்குப் பேச்சு வர வேண்டும் என்று நெல்லையப்பர் கோயிலில் நின்று அழுதிருக்கிறேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, வந்தால் என்ன சொல்வாளோ என்று பயப்படுவேன். இரண்டும் உண்மை. குழுவிலிருந்து உடனே விலகவும் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி விளக்கம் எழுதத் தொடங்கினேன். காலையில் செய்ய வேறொன்றும் இல்லை.

நோட்டை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கை வரவில்லை, அவள் கடைசியாகச் சேர்த்துப் பேசிய வாக்கியம் அதில்தான் இருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை பயறு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு.

"துணி அடுக்கும்போது அங்கன கெடந்துது அய்யா. அம்மாவும் நீங்களும் கட்டம் போடுவீயன்னு அக்கா போன்ல சொல்லிச்சுல்லா, பாத்தா சந்தோசப்படுவாவன்னு குடுத்தேன்" என்றாள் அந்த அம்மாள். அக்கா என்றது பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளை.

நோட்டு கடைசிப் பக்கத்தில் திறந்திருந்தது. குறிப்பு, சொன்ன நேரம். கண்டுபிடித்த நேரத்துக்கான இடம் காலி. மனைவியின் இடது கைவிரல் 7.10 என்ற எண்ணின் மேல் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினேன். "நாளைக்கு!" என்றாள் சத்தமாக. திரும்பினேன். விரலால் அந்த எண்ணைத் தட்டினாள்.

அந்த அம்மாளை அடுக்களைக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமா. ஏழு பத்துக்கு நீ பேசின. நான் அதக் குறிப்புன்னு நெனச்சுட்டேன். ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்ப, எந்திரிக்கும்போதே இப்படின்னு பொய் சொன்னேன். அதனாலதான் ஊசி போடல. நேரம் இருந்துது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நான் மருத்துவரிடம் சொன்னது அன்றே அவள் காதில் விழுந்திருந்தது. எட்டு மாதமும் தெரிந்துகொண்டே நான் ஊட்டிய கஞ்சியைக் குடித்திருக்கிறாள், நான் மாற்றிய துணியை உடுத்தியிருக்கிறாள். 'நாளைக்கு' என்று அவள் சொன்னவற்றில் எத்தனை இதைப் பற்றியவையோ.

கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். பிறகு அதே கையை நீட்டி, மேசை மேலிருந்த என் போனைக் காட்டினாள்.

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல, "தண்ணியா?" என்றேன்.

போனைக் காட்டினாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணணுமா? மேலுக்கு என்ன செய்யுது?"

உள்ளங்கையால் மெத்தையை அறைந்தாள். சுவரில் மகளின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. படத்தைக் காட்டினாள். போனைக் காட்டினாள். நோட்டிலிருந்த எண்ணைக் காட்டினாள். ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும்.

"அவ வேண்டாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று கெஞ்சினேன். அவள் கையை இறக்கவில்லை. தோள் நடுங்கியது. அப்போதும் இறக்கவில்லை.

மகள் அலுவலகத்தில் இருந்தாள். "என்னப்பா இந்நேரத்துல? அம்மாக்கு என்ன?" என்றாள். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கரண்டி, சீப்பு, ஒன்பதே கால், கடிகாரம். பாடம் நடத்துவதுபோலச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வேறு மாதிரிச் சொல்ல வரவில்லை.

மகள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"அம்மா பேச்சு கொழறுனதக் கேட்டியளா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு திரும்பிப் பாக்கலையா?"

"இல்ல."

"அம்மாட்ட போனக் குடுங்க" என்றாள். ஸ்பீக்கரை அணைத்து மனைவியின் காதில் வைத்தேன். மகள் என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மனைவியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் போயிற்று. "நாளைக்கு, நாளைக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்து, முகத்தால் வாசலைக் காட்டினாள். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து மகள் என் எண்ணுக்கு அழைப்பதில்லை. தினம் பதினோரு மணிக்கு அந்த அம்மாளின் போனுக்கு அழைக்கிறாள். மனைவி என் கையால் சாப்பிடுவதில்லை. நான் கிண்ணத்தை எடுத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். இடது கையால் தானே எடுத்துப் பாதியைச் சிந்தி உண்கிறாள், அல்லது அந்த அம்மாள் ஊட்டுகிறாள். நோட்டு அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. குழுவிலிருந்து விலகிவிட்டேன். உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். பதில் போடவில்லை.

பதினோரு மணி ஆனால் நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். சன்னல் வழியாக அவள் குரல் கேட்கும். அதே ஒரு சொல்தான். ஒரு சமயம் இழுத்துச் சொல்கிறாள், ஒரு சமயம் வெட்டிச் சொல்கிறாள், சில நாள் அதைச் சொல்லி லேசாகச் சிரிக்கவும் செய்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. என்ன சொல்கிறாள் என்று மனம் தன்னால் எழுத்துக் கூட்டப் பார்க்கும். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நிற்பேன்.

பேசி முடிந்ததும் அந்த அம்மாள் கதவைத் திறந்து, "உள்ள வாங்க அய்யா" என்பாள். அவள் கூப்பிடும்வரை நான் போவதில்லை.